மரை தேய்ந்த வார்ப்பிரும்புச் சாமான்கள்: கழித்து விடுமுன் கவனிக்க வேண்டியவை

தோட்டத்தில் நிற்கும் பயிருக்குத் தண்ணீர் தவறிப் போவதற்குக் கிணறு வற்றுவது ஒன்றே காரணமன்று. விரற்பருமனுள்ள ஓர் ஆணியின் மரை தேய்ந்து போனாலும் அதே கதி நேரக்கூடும். கிணற்றில் நீர் நிறைய இருக்கும். மோட்டாரும் பழுதின்றி ஓடும். வாய்க்காலில் மட்டும் ஒரு சொட்டு விழாது. இத்தகைய சமயத்தில் பம்பையே கழித்து விட்டுப் புதிது வாங்க முற்படுவோர் பலர். மரை கெட்டதனால் வார்ப்பும் கெட்டு விட்டதென்று கருதுவதே இந்நஷ்டத்திற்கு மூலம். மரை வேறு, வார்ப்பு வேறு. கெட்ட மரைக்குப் பதில் புது மரை அமைத்துக் கொண்டால், நல்ல வார்ப்பு இன்னும் பல்லாண்டு உழைக்கும். அதற்குரிய வழிகளை இக்கட்டுரை விவரிக்கின்றது.

ஒரு தோட்டத்தில் நேர்ந்தது

பவானிப் பாசனத்துக்கு அப்பாற்பட்ட மேட்டுப் பாங்கான ஒரு கிராமத்தில், கிணற்றின் உள்மேடையில் பழைய வார்ப்பிரும்பு பம்பு ஒன்று பல காலமாக உழைத்து வந்தது. பங்குனி மாதத்தில் நான்கு மாதக் கரும்பு தண்ணீருக்கு ஏங்கி நிற்கையில், பம்பு நீரை இழுப்பதும் விடுவதுமாக இருந்தது. உறிஞ்சு குழாயைப் பம்புடன் பிணைக்கும் பிளாஞ்சில் ஸ்டட்டுகள் நான்கு. அவற்றுள் ஒன்று ஆட்டம் கண்டிருந்தது. ஸ்டட் என்பது இரு முனைகளிலும் மரையுள்ள தலையில்லாத ஆணி. ஒரு முனை வார்ப்பினுள் இறங்கி நிற்கும், மறு முனையில் நட்டு ஏறும். ஆட்டம் கண்டதைக் கழற்றி எறிந்துவிட்டு, கடையில் கிடைத்த ஒரு போல்ட்டை அத்துளையில் முடுக்கினார்கள். இரண்டு மூன்று சுற்று எளிதாக ஏறியது, பின் இறுகியது. ஸ்பானரின் பிடியில் ஒரு குழாய்த் துண்டைச் செருகி இருவராக இழுத்தபோது, போல்ட் மறுபடி இலேசாகச் சுழலத் தொடங்கிற்று. வெளியே எடுத்துப் பார்க்கையில், வார்ப்பின் மரை கருந்தூளாகப் போல்ட்டைப் பற்றி வந்திருந்தது. பக்கத்து ஸ்டட்டையும் இவ்விதமே “சரி செய்ய” முயன்றதில் அதுவும் போயிற்று.

ஒன்பது நாள் கரும்பு தண்ணீர் காணவில்லை. தோகை சுருளத் தொடங்கிற்று. நிலக்காரர் பம்பைக் காயலான் கடைக்கு எடைக்குப் போட்டு, கடன் வாங்கிப் புதுப் பம்பு வைப்பதென்று முடிவு செய்து, கழற்றி ஏற்றுவதற்காக டவுனிலுள்ள பட்டறையிலிருந்து ஒரு மேஸ்திரியை அழைத்து வந்தார்.

மேஸ்திரி துளைகளை விரலால் தடவிப் பார்த்தார்; பழைய ஸ்டட்டையும் புதுப் போல்ட்டையும் பக்கத்தில் பக்கம் வைத்தார். இரண்டின் மரைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

“ஐயா, பம்புக்கு ஒரு நோவும் இல்லை. அங்குல மரைத் துளையில் மெட்ரிக் போல்ட்டை ஏற்றியிருக்கிறார்கள். இந்த இரண்டு துளைக்கும் புஷ் இறக்கிவிட்டால் போதும்” என்றார்.

“எத்தனை நாள் பிடிக்கும், மேஸ்திரி?” என்று நிலக்காரர் கேட்டார்.

“இன்று சாயங்காலம் தண்ணீர் பார்க்கலாம், ஐயா.”

அவ்வாறே அன்று அந்தியில் வாய்க்காலில் நீர் ஓடியது. செலவு, இரண்டு துண்டு எஃகும் ஒரு பகல் வேலையுமே.

ஒரு ஸ்டட் தளர்ந்ததனால் பம்பே நிற்பானேன் என்று சிலர் வியக்கலாம். உறிஞ்சு குழாயில் நீரை மேலே ஏற்றுவது பம்பன்று. வெளிக் காற்றின் அமுக்கமே. பம்பு குழாயினுள் அமுக்கத்தைக் குறைக்கிறது. கிணற்று நீரின் மேலுள்ள காற்று நீரை உள்ளே தள்ளுகிறது. கணக்கின்படி இது ஏறக்குறைய 10 மீட்டர் உயரம் வரை ஏறலாமாயினும், நடைமுறையில் 6 அல்லது 7 மீட்டருக்கு மேல் எதிர்பார்க்கலாகாது. பிளாஞ்சின் ஒரு மூலை நூலளவு விலகினாலும், நீர் ஏறுவதற்குப் பதில் காற்று உட்புகும். வெளியில் ஒழுக்குத் தென்படாது. ஆயினும் பம்பு நீரை விட்டுவிடும். ஆதலால், உறிஞ்சு பக்கத்து மரைகள் விநியோகப் பக்கத்தினவற்றைக் காட்டிலும் அதிகக் கவனத்துக்குரியவை.

வார்ப்பிரும்பின் குணம்

பட்டறைச் சாமான்களுக்கும் பம்புகளுக்கும் கரும்பாலைச் சட்டங்களுக்கும் உபயோகமாகும் சாம்பல் நிற வார்ப்பிரும்பில் கரி 100-க்கு ஏறக்குறைய 2½ முதல் 4 பங்கு வரை கலந்துள்ளது. இக்கரியின் பெரும்பகுதி மெல்லிய காரீய இதழ்களாக இரும்பினூடே பரவி நிற்கிறது. இவ்விதழ்களால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. நன்மை யாதெனில், இரும்பு அதிர்ச்சியை விழுங்கும், வழுக்கி உழைக்கும், எளிதில் கடைசல் பிடிக்கலாம். தீமை யாதெனில், அமுக்கத்தை நன்கு தாங்கும் அவ்விரும்பு, இழுப்பை அதில் மூன்றில் ஒரு பங்கு அல்லது நான்கில் ஒரு பங்கு அளவுக்கே தாங்கும். எஃகைப் போல் வளைந்து கொடுக்காமல் நொறுங்கிப் போகும்.

எஃகு ஸ்டட்டும் வார்ப்பிரும்புத் துளையும் சேர்ந்திருக்கும் இடத்தில் மிகை முடுக்கம் கொடுத்தால் முதலில் தோற்பது வார்ப்பின் மரையே. ஆகையால்தான் எஃகில் ஆணியின் பருமன் அளவு ஆழம் மரை இறங்கினால் போதுமென்றிருக்க, வார்ப்பிரும்பில் பருமனைப் போல் ஒன்றரை மடங்கு ஆழம் இறங்க வேண்டுமென்று வைத்திருக்கிறார்கள். அரை அங்குல ஸ்டட்டுக்கு முக்கால் அங்குல ஆழம் வேண்டும். குட்டையான போல்ட்டைப் போட்டு முடுக்குவது மரையைக் கொல்வதற்கு நிச்சயமான வழி.

மரை கெடுவதன் முக்கிய காரணம்

துரு, அதிர்வு, அடிக்கடி கழற்றி மாட்டுதல் ஆகியவை மரையை மெல்லத் தேய்க்கும். ஆனால் ஒரே நாளில் கெடுப்பது அளவு மாறுபாடே. இதன் வரலாறு சிறிது தெரிந்திருத்தல் நலம்.

இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்னும் இயந்திர நிபுணர், பட்டறைக்குப் பட்டறை மரை வேறுபட்டிருந்த குழப்பத்தை நீக்க, 1841-ஆம் ஆண்டில் ஒரே சீரான மரை முறையை வகுத்தார். அதன் பற்களின் கோணம் 55 பாகை. முனைகளும் அடிகளும் உருண்டிருக்கும். அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-ஆம் ஆண்டில் 60 பாகை மரையை முன்வைத்தார். இன்றைய மெட்ரிக் மரையும் 60 பாகையே.

தமிழ் நாட்டில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் எண்ணெய் இயந்திரத்தாலும் பம்பாலும் கிணற்று நீர் இறைப்பதைப் பரப்ப முயன்ற காலத்தில், வந்திறங்கிய சாமான்கள் ஆங்கிலேய அளவினவாக இருந்தன. 1932-ஆம் ஆண்டில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின் கோயமுத்தூர்ப் பக்கத்தில் வார்ப்படச் சாலைகளும் பம்புத் தொழிலும் பெருகின. அவையும் அங்குல மரையிலேயே தொடங்கின. டர்ஸ்லியில் 1929-ஆம் ஆண்டு முதல் உருவான லிஸ்டர் மெதுவோட்ட டீசல் இயந்திரமும், அம்மாதிரியில் ராஜ்கோட்டில் வார்க்கப்பட்டவையும் அங்குல மரையை உடையவையே. இந்தியாவில் மெட்ரிக் அளவைச் சட்டம் 1956-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பிறகு மெட்ரிக் போல்ட்டுகள் படிப்படியாகக் கடைகளை நிறைத்தன. ஆகவே இன்று பழைய சாமான் அங்குலத்திலும், கடைப் போல்ட் மில்லிமீட்டரிலும் இருப்பது சாதாரணமாகிவிட்டது.

வேற்றுமை கண்ணுக்கு எளிதில் புலப்படாது. அரை அங்குல விட்வொர்த் ஆணியின் பருமன் 12.7 மில்லிமீட்டர், ஓர் அங்குலத்தில் 12 மரை. மெட்ரிக் 12 ஆணியின் பருமன் 12 மில்லிமீட்டர். மரைக்கு மரை 1.75 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலத்தில் சுமார் 14½ மரை. ஐந்தெட்டு அங்குல விட்வொர்த்தில் அங்குலத்துக்கு 11 மரை; அதனோடு மயங்கக்கூடிய மெட்ரிக் 16-இல் சுமார் 12¾. மூன்றெட்டு அங்குலத்தில் 16. மெட்ரிக் 10-இல் சுமார் 17. இவ்வேற்றுமையால் போல்ட் முதற் சில சுற்றுகள் ஏறிப் பின் சிக்கிக்கொள்ளும். சிக்கியதை “நன்றாக இறுகிற்று” என்று எண்ணி முடுக்கும்போது வார்ப்பின் மரை சீவப்பட்டுப் போகிறது. அமெரிக்க அரை அங்குல மரை இன்னும் மயக்கந் தரும். பருமன் ஒன்றே, ஆனால் அங்குலத்துக்கு 13 மரை.

அளவு அறியும் முறை

பட்டறைகளில் மரை கேஜ் என்னும் சீப்புப் போன்ற தகடுகள் உண்டு. பல்லுக்குப் பல் இடைவெளியின்றிப் பொருந்தும் தகட்டில் அளவு பொறித்திருக்கும். விலை அதிகமில்லாத இக்கருவியைச் சில குடியானவர்கள் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். கேஜ் இல்லாதவிடத்து, பழைய ஸ்டட்டை மண்ணெண்ணெயிலிட்டுத் துரு போகத் துடைத்து, வெள்ளைத் தாள் ஒன்றை அதன்மேல் வைத்து அழுத்தினால் மரையின் வரிகள் பதியும். ஓர் அங்குல நீளத்திலுள்ள வரிகளை எண்ணுக. 12 என்றால் அரை அங்குல விட்வொர்த் என்று துணியலாம்.

சோதனை இன்னொன்றும் உண்டு: சரியான போல்ட் கை விரலாலேயே கடைசி வரை ஏறும். ஸ்பானர் இறுக்குவதற்கு மட்டுமே, ஏற்றுவதற்கன்று. கையால் ஐந்து சுற்று ஏறாத போல்ட்டை வார்ப்பிரும்பில் ஒருபோதும் ஸ்பானரால் ஏற்றலாகாது.

பழுது பார்க்கும் வழிகள்

எளியதிலிருந்து அரியதை நோக்கிச் செல்வதே முறை.

முதலாவது, துப்புரவு. சில சமயம் மரை தேயாமல், துருவும் பழைய பெயிண்டும் அடைத்திருக்கும். அதே அளவுள்ள மரை வெட்டும் டாப்பைக் கையால் மெல்ல ஓட்டித் துடைத்தால் போதும். டாப் இல்லாவிடில், சரியான மரையுள்ள பழைய எஃகு போல்ட் ஒன்றில் நீளவாட்டாக மூன்று பள்ளங்கள் அரத்தால் ராவினால் அது துப்புரவுக் கருவியாகும். புது மரை வெட்டுவதற்கு அது உதவாது.

இரண்டாவது, நீண்ட ஸ்டட். துளையின் வாய்ப்பக்கத்து மரை மட்டும் போய், அடியில் நல்ல மரை மிஞ்சியிருப்பதுண்டு. பழைய ஸ்டட் குட்டையாக இருந்திருந்தால், அடிவரை எட்டும் நீண்ட ஸ்டட் ஒன்றே தீர்வாகலாம்.

மூன்றாவது, ஊடு போல்ட். துளை வார்ப்பின் காது போன்ற விளிம்பில் அமைந்து, பின்புறம் கை எட்டுமாயின், துளையை மறுபுறம் வரை ஊடுருவச் செய்து, போல்ட்டும் நட்டும் வாஷரும் போட்டுப் பிணைக்கலாம். வார்ப்பில் மரையே தேவையில்லை. பார்வைக்கு அழகு குறையினும் உறுதி குறையாது.

நான்காவது, பெரிய மரை. அரை அங்குலத் துளையை 13.5 மில்லிமீட்டர் டிரிலால் துளைத்து, ஐந்தெட்டு அங்குல விட்வொர்த் டாப் ஓட்டலாம். ஆனால் எதிர்ப் பிளாஞ்சின் துளையும் அப்போது சிறுத்துவிடும். அதையும் பெரிதாக்குவதற்குப் பதில், ஒரு முனை ஐந்தெட்டும் மறு முனை அரையுமாக இரு பருமன் ஸ்டட் ஒன்றை லேத்தில் கடைந்து கொண்டால், பிளாஞ்சும் நட்டும் பழையபடியே உபயோகமாகும்.

ஐந்தாவது, புஷ் இறக்குதல். இதுவே சிறந்தது, பழைய அளவு ஸ்டட்டே மறுபடி பொருந்தும். கம்பிச் சுருள் மரை என்று எஃகுக் கம்பியாலான ஆயத்தச் சுருள்களும் கடைகளில் கிடைக்கின்றன. அதற்குரிய தனி டாப்புடன் வாங்கினால், வார்ப்பில் இடம் குறைவான துளைகளுக்கு அவை நன்கு உதவும். வாங்குமுன் சுருள் அங்குல மரையா மெட்ரிக் மரையா என்று விசாரித்துக் கொள்க.

புஷ் இறக்கும் முறை

அரை அங்குல ஸ்டட்டுக்கு முக்கால் அங்குல வெளி மரையுள்ள புஷ் பொருந்தும். புஷ்ஷைச் சுற்றிலும் 6 மில்லிமீட்டருக்குக் குறையாத வார்ப்பு மிஞ்ச வேண்டும். துளையின் அடியில் நீர் செல்லும் அறை இருக்குமாயின், அதற்குள் டிரில் ஊடுருவாதபடி ஆழத்தை முன்பே கம்பியால் அளந்து, டிரிலில் அடையாளமிட்டுக் கொள்ள வேண்டும்.

முதலில் துளையின் நடுவைக் குறித்து, இறுதி அளவில் ஒரு வட்டமும் கீறுக. துளைக்கும்போது டிரில் ஒருபுறம் சாய்ந்தால் இவ்வட்டம் காட்டிக் கொடுக்கும். கையால் பிடிக்கும் டிரில் பழைய துளையின் தேய்ந்த பக்கத்தை நாடி ஓடுமாதலின், நிற்கும் டிரில் இயந்திரத்தில் வார்ப்பை இறுகக் கட்டி வேலை செய்தலே சரி. முக்கால் அங்குல விட்வொர்த்துக்கு 16.5 மில்லிமீட்டர் டிரில் ஏற்றது. வேகம் குறைவாக இருக்க வேண்டும். வார்ப்பிரும்புக்கு எண்ணெய் விடுதல் வேண்டா. அதிலுள்ள காரீயமே வழுக்குத் தரும். எண்ணெய் விட்டால் தூளுடன் கலந்து களிம்பாகி டாப்பைச் சிக்க வைக்கும்.

கை டாப்புகள் மூன்று சேர்ந்தது ஒரு செட்டு. முனை சரிந்தது முதலிலும், நடுத்தரமானது அடுத்தும், அடிவரை மரை உள்ளது இறுதியிலும் ஓட்ட வேண்டும். டாப்பை மூலைமட்டத்தால் இருபுறமும் நிமிர்வு பார்த்துத் தொடங்குக. அரைச் சுற்று முன்னும், சிறிது பின்னுமாகத் திருப்பினால் சீவல் உடைந்து விழும். அடிக்கடி டாப்பை வெளியே எடுத்துத் தூளை அகற்றுக. வாயால் ஊதினால் தூள் கண்ணில் தெறிக்கும். கண்ணாடி அணிந்து தூரிகையாலோ காந்தத்தாலோ எடுப்பதே நலம்.

புஷ்ஷை எஃகு உருளையில் லேத்தில் கடைவார்கள். எப்போதும் ஈரமுள்ள இடங்களில் பித்தளை அல்லது கன்மெட்டல் புஷ் துருப் பிடிக்காமல் உழைக்கும். வெளி மரையிலும் துளையிலும் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, மரை பூட்டும் பசை தடவி, வார்ப்பின் முகத்துக்குச் சற்றுத் தாழ்வாக இருக்கும்படி இறக்க வேண்டும். பசை உலர்ந்தபின், புஷ்ஷும் வார்ப்பும் சந்திக்கும் கோட்டில், பாதி இதிலும் பாதி அதிலுமாக 3 மில்லிமீட்டர்த் துளையிட்டு ஓர் எஃகு முளை அறைந்துவிட்டால் புஷ் எக்காலத்தும் சுழலாது. அவ்விடத்தில் டிரில் மெதுவான உலோகத்தை நாடி விலகுமாதலின், சிறு டிரிலில் தொடங்கிப் பெரிதாக்குக. இறுதியில் முகத்தை அரத்தால் சமன் செய்து, பாக்கிங் புதிதாகப் போட்டு, ஸ்டட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தையே முழுவதும் இறுக்கினால் விளிம்பின் காது முறியும்.

முறிந்த ஸ்டட்டும் பற்றவைத்தலும்

ஸ்டட் துளைக்குள்ளேயே முறிந்து நின்றால் அவசரம் கூடாது. துரு நீக்கும் மெல்லிய எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊற விடுக. வெளியே சிறிது நீண்டிருந்தால், அதன்மேல் ஒரு நட்டை வைத்து உட்புறம் பற்றவைத்து, சூடு ஆறியபின் மெல்ல முன்னும் பின்னும் அசைத்தால் பெரும்பாலும் கழன்று வரும். உள்ளே புதைந்திருந்தால் சரியான நடுவில் துளையிட்டு, துளையைப் படிப்படியாகப் பெரிதாக்கி எஞ்சிய ஓட்டை நீக்க வேண்டும். நடு தவறினால் வார்ப்பின் மரையும் போய்விடும். ஆயினும் அப்போதும் புஷ் ஒரு வழியாக நிற்கிறது.

துளையை முழுவதும் பற்றவைத்து அடைத்துப் புதுத் துளையிடலாமென்று சிலர் கூறுவர். வார்ப்பிரும்பைத் திடீரெனச் சூடேற்றித் திடீரெனக் குளிர விட்டால், பற்றின் ஓரம் கண்ணாடி போல் கடினமாகி, டிரில் ஏறாது. பக்கத்தில் விரிசலும் காணும். முழுச் சாமானையும் முன்னரே சூடாக்கி, நிக்கல் கலந்த கம்பியால் சிறுகச் சிறுகப் பற்றவைத்து, சாம்பலில் புதைத்து மெல்ல ஆற விடத் தெரிந்தவர் கையில் மட்டுமே இதை ஒப்படைக்கலாம். ஸ்டட்டையே வார்ப்போடு பற்றவைத்து விடுவது பழுது பார்ப்பதன்று. அடுத்த பழுதுக்கு வழியை அடைப்பதாகும். மரையில் நூல், துணி, தகரத் துண்டு ஆகியவற்றைச் சுற்றி முடுக்குவதும் ஒரு நாள் வித்தையே.

பட்டறை வைஸ்

தோட்டக் கொட்டகையிலும் கிராமக் கொல்லன் பட்டறையிலுமுள்ள வைஸ் தளர்ந்து பிடி வழுக்குமாயின், பெரும்பாலும் கெட்டது அதன் உள்ளிருக்கும் நட்டே. வைஸின் திருகு சதுர மரை உடையது. சாதாரண டாப் அதற்கு உதவாது. பல வைஸ்களில் நட்டு தனித்துண்டாகக் கழன்று வரும். வைஸ் எப்போதும் ஒரே திசையில் இழுக்குமாதலின் நட்டின் மரையில் ஒரு முகம் மட்டுமே தேய்ந்திருக்கும். நட்டு இருபுறமும் ஒத்த வடிவினதாயின், அதை முன்பின்னாகத் திருப்பி மாட்டினால் தேயாத முகம் சுமையை ஏற்கும். காசு செலவின்றி வைஸ் இன்னும் சில ஆண்டு பிடிக்கும். அவ்வாறு திருப்ப இயலாவிடில், திருகை லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய் அதற்குப் பொருத்தமாகக் கன்மெட்டலில் புது நட்டுக் கடையச் செய்க. நட்டைத் தேய விட்டுத் திருகைக் காப்பதே சிக்கனம்.

கரும்பாலையின் உருளைகளை நெருக்கும் திருகுகளுக்கும் இதே விதி பொருந்தும். சட்டத்தின் மரை தேய்ந்து உருளை பின்வாங்கினால் சக்கையில் சாறு நின்றுவிடும். சட்டத்தில் புஷ் இறக்குவதால் அந்நஷ்டம் நீங்கும்.

தொடக் கூடாதவை

துளையிலிருந்து விரிசல் ஓடியிருக்கும் வார்ப்பைப் புஷ்ஷால் காப்பாற்ற இயலாது. மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சுண்ணாம்புப் பொடி தூவினால் விரிசலில் நின்ற எண்ணெய் கோடாகக் கசிந்து காட்டும். வேகமாகச் சுழலும் பறக்கும் சக்கரம், பாரம் தூக்கும் கொக்கியின் பிடி ஆகியவற்றில் கிராமப் பட்டறையில் மரை மாற்றுவது உயிருக்கு ஆபத்து. டீசல் இயந்திரத்தின் சிலிண்டர்த் தலை ஸ்டட்டுகள் வெடிப்பின் அமுக்கத்தைத் தாங்குபவை. அவற்றைத் தேர்ந்த இயந்திரப் பட்டறையிலேயே சரி செய்ய வேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

பஞ்சாயத்துக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ சொந்தமான பழைய பம்பு, வைஸ், டிரில் இயந்திரம் முதலியவற்றைக் கழிவுச் சாமானென்று ஏலத்துக்கு விடுமுன், கெட்டது வார்ப்பா மரையா என்பதைத் தக்க பிட்டர் ஒருவரைக் கொண்டு பார்க்கச் செய்து எழுத்தில் வாங்குதல் நலம். எடைக்குப் போன வார்ப்பு திரும்பி வராது. அதே வேலைக்குப் புதுச் சாமான் வாங்க ஊர்ப் பணமே செலவாகும். மேலும், ஒவ்வொரு பொதுச் சாமானின் மரை அளவையும் சாமான் பதிவேட்டில் ஒரு வரியில் குறித்து வைத்தால், அடுத்து வரும் அலுவலரும் பணியாளரும் தவறான போல்ட்டை முடுக்காமல் தப்புவர்.

குடியானவர்களும் அவ்வாறே பம்புக் கொட்டகைச் சுவரில் தங்கள் பம்பின் மரை அளவைப் பெயிண்டால் எழுதி வைக்கலாம். அங்குல மரைப் போல்ட்டுகளையும் மெட்ரிக் போல்ட்டுகளையும் தனித்தனிப் பெட்டியில் வைப்பதும், மாட்டும்போது மரையில் சிறிது கிரீஸ் தடவுவதும், ஸ்பானரில் குழாய் செருகாமையும் வழக்கமானால், மரை தேய்வது பெரும்பாலும் நின்றுவிடும்.

பங்குனியில் கரும்பு தண்ணீருக்கு நிற்கும்போது போல்ட்டின் அளவைத் தேடிக்கொண்டிருக்க நேரமிராது. மழைக்காலத்தில் பம்பு ஓய்ந்திருக்கையில் ஒரு பகலை இதற்கென்று ஒதுக்கி, ஒவ்வொரு மரையையும் கழற்றித் துடைத்துப் பார்த்துக் கொள்பவர், கோடையில் கிணற்று மேட்டில் கைபிசைந்து நிற்கமாட்டார்.